தீவகத்துக் குதிரைக் கொட்டிலில் எதைப் பரப்புவது?

குதிரைக் கொட்டிலின் தரையில் பரப்பும் படுக்கைப் பொருளுக்கு மூன்று வேலைகள் உண்டு. சிறுநீரை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். விலங்கு படுத்தெழ மெத்தென்று இருக்க வேண்டும். அதன் மூச்சுக்குள் தூசியும் பூஞ்சணமும் போகாதிருக்க வேண்டும். ஒரே பொருள் மூன்றையும் நிறைவாகச் செய்வது அரிது. நன்றாக உறிஞ்சுவது தூசி கிளப்பும். மெத்தென்று இருப்பதைக் குதிரை தின்றுவிடும். தூசியில்லாதது ஈரத்தைப் பிடிக்காது. குளிர்நாட்டுக் கைநூல்கள் கோதுமை வைக்கோல், பைன் மரச்சீவல், கரிச்சேற்றுப் பாசி ஆகியவற்றுக்குள் தெரிவு செய்யச் சொல்கின்றன. யாழ்ப்பாணத் தீவகத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. இங்கே கைக்கு எட்டுபவை நெல் வைக்கோல், உமி, மரத்தூள், தும்புச்சோறு, காவோலை, மணல் என்பவையே. இவை விரிக்கப்படும் நிலமோ சுண்ணக்கல் நிலம். காற்றில் உப்பு, நன்னீருக்குத் தட்டுப்பாடு, வைக்கோல் கட்டு ஒன்று நெடுந்தீவுக்குப் போவதென்றாலும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். ஆகவே எந்தப் பொருள் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்ற அட்டவணையை மட்டும் பார்த்து இங்கு முடிவெடுக்க இயலாது.

தீவகமும் குதிரையும்

தீவகத்துக்கும் குதிரைக்கும் உள்ள உறவுக்குக் கல்லில் எழுதிய சான்று நயினாதீவில் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கவும் அவர்களுக்குக் காவல் தரவும் அது ஏற்பாடு செய்கிறது. உடைந்த கப்பல்களைப் பற்றியும் அதில் விதி உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மீதி மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. குதிரை வணிகனுக்கு அரசன் காட்டிய இந்தச் சலுகையே அக்காலத்தில் அந்த விலங்குக்கு இருந்த பெறுமதியைச் சொல்லிவிடுகிறது. கடற்பயணத்தில் மெலிந்து வந்திறங்கிய குதிரையை உடனே நடத்திக்கொண்டு போக முடியாது. துறைமுகத்தில் சில நாளாவது நிறுத்தித் தேற்ற வேண்டும். கொட்டிலும் அதன் தரையும் அன்றே ஒரு கவலையாக இருந்திருக்கும்.

குதிரையை வெளியிலிருந்து இறக்குவதை விட்டு, தீவிலேயே வளர்க்கும் முயற்சி ஐரோப்பியர் காலத்தது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் நெடுந்தீவில் குதிரைகளை விட்டு வளர்த்தனர். சுற்றிலும் கடல் இருப்பதால் வேலி தேவையில்லை. தெற்கே பரந்த புல்வெளி. அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் பவளக்கல் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. குதிரைகளுக்கு நீர் கொடுக்க வெட்டப்பட்டவை என்று சொல்லப்படும் சாராப்பிட்டிக் கிணறுகளும் இருக்கின்றன. பிரித்தானியர் சில காலம் நோலன் என்ற இராணுவ அதிகாரியின் பொறுப்பில் இந்த வளர்ப்பைத் தொடர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அது கைவிடப்பட்டது. லாயத்தை விட்டு வெளியேறிய குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகளே இன்று தீவின் தெற்கில் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. அவற்றின் மேய்ச்சல் நிலம் 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் குதிரைகளுக்கு யாரும் படுக்கை விரிப்பதில்லை. அவற்றுக்கு அது தேவையும் இல்லை. சிறுநீர் மணலில் வடிந்து போகிறது, சாணத்தை வெயிலும் காற்றும் காயவைக்கின்றன, ஈரமான இடத்தை விட்டு விலகி வேறிடத்தில் படுக்க விலங்குக்கு உரிமை இருக்கிறது. சுவரும் கூரையும் வந்து அந்த உரிமை பறிபோகும்போதுதான் படுக்கைப் பொருளின் தேவை தொடங்குகிறது. காலில் காயம்பட்ட குதிரை, வறட்சியில் வீழ்ந்து சிகிச்சையில் இருக்கும் குதிரை, ஈன்ற தாயும் குட்டியும், சவாரிக்கென்று வீட்டில் கட்டி வளர்க்கும் குதிரை ஆகியவற்றைப் பற்றியதே இந்தக் கணக்கு. நல்ல உடல்நிலையில் உள்ள நெடுந்தீவுக் குதிரைக்கு மிகச் சிறந்த படுக்கை அதன் புல்வெளிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஈரத்தின் கணக்கு

450 முதல் 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் 5 முதல் 15 லீற்றர் வரை சிறுநீர் கழிக்கும். சாணம் ஏறத்தாழ 20 கிலோ. அதில் முக்காற்பங்கு நீர். மட்டக்குதிரை எடையில் பாதி என்றால் கழிவையும் பாதியாகக் கொள்ளலாம். இந்த அளவு ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு லீற்றருக்கு மேல் ஒரே இடத்தில், சில நொடிகளில் கொட்டுகிறது. எனவே ஒரு பொருள் மொத்தத்தில் எவ்வளவு நீர் பிடிக்கும் என்பதோடு எவ்வளவு விரைவாகப் பிடிக்கும் என்பதும் முக்கியம்.

உறிஞ்சும் திறனை அளக்கும் முறை எளியது. உலர்ந்த பொருள் ஒரு கிலோவைச் சாக்கில் கட்டி ஒரு நாள் முழுக்க நீரில் அமிழ்த்தி வைத்து, தூக்கித் தொங்கவிட்டு, சொட்டு நின்றதும் நிறுக்க வேண்டும். கூடிய எடைதான் அது பிடித்த நீர். இப்படி அளந்து பண்ணைப் பொறியியல் நூல்கள் தரும் எண்கள் வருமாறு: கோதுமை வைக்கோல் தன் எடையைப் போல் 2.2 மடங்கு, ஓட்ஸ் வைக்கோல் 2.5, பைன் மரத்தூள் 2.5, பைன் சீவல் 2, வன்மரத் தூளும் சீவலும் 1.5, நிலக்கடலைத் தோல் 2.5, ஊசியிலைச் சருகு 1. மணலுக்குக் கால் மடங்குதான். கரிச்சேற்றுப் பாசி பத்து மடங்கை எட்டும். தென்னை மட்டையிலிருந்து தும்பு பிரித்தபின் எஞ்சும் தும்புச்சோறு ஐந்து முதல் எட்டு மடங்கு வரை பிடிக்கும். இந்த வரிசையில் வெப்பநாட்டுப் பொருள்களில் முதலிடம் அதற்கே.

ஆனால் கொட்டிலில் எந்தப் பொருளையும் அதன் எல்லை வரை நனைய விடக்கூடாது. முழுக்க ஊறிய வைக்கோல் படுக்கையாகாது, சேறாகிவிடும். அட்டவணை எண்ணில் பாதியை நடைமுறை அளவாகக் கொள்வது பாதுகாப்பானது. அப்படிப் பார்த்தால், நாளுக்கு 5 லீற்றர் சிறுநீர் விடும் மட்டக்குதிரைக்கு வைக்கோல் என்றால் ஏறத்தாழ ஐந்து கிலோவும் தும்புச்சோறு என்றால் இரண்டு கிலோவும் அன்றாடம் ஈரமாகிக் கழியும். சாணத்தோடு அள்ளுப்பட்டுப் போவது தனி.

குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்பது பாதி உண்மைதான். லேசான தூக்கத்தை அது நின்றபடி முடித்துக்கொள்ளும். ஆழ்ந்த கனவுத்தூக்கத்துக்குத் தசைகள் முற்றாகத் தளர வேண்டுமாகையால், படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையான அந்தத் தூக்கம் கிடைக்காத குதிரை, சில நாளில் நின்றபடியே கண்ணயர்ந்து முழங்கால் மடங்கி விழும். தரை ஈரமாகவோ கடினமாகவோ இருந்தால் அது படுக்க மறுக்கிறது. குளம்பின் நடுவிலுள்ள மென்பகுதி நாள்தோறும் ஈரத்தில் நின்றால் கறுத்து, அழுகி, நாறத் தொடங்கும். கல்லிலும் மணலிலும் நடந்து குளம்பு இறுகிய நெடுந்தீவுக் குதிரையைக் கொண்டுவந்து ஈரக் கொட்டிலில் கட்டினால் இந்த நோய் வருவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சுண்ணக்கல்லும் அமோனியாவும்

உறிஞ்சுவதென்றால் நீரைப் பிடிப்பது மட்டுமல்ல. சிறுநீரிலுள்ள யூரியாவைச் சாணத்திலும் படுக்கையிலும் வாழும் பற்றீரியாக்கள் சிதைத்து அமோனியாவாக்குகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த வாயு குதிரையின் மூச்சுக்குழலை எரிக்கிறது. குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சுவிட வல்லது. படுக்கும்போது அதன் மூக்கு படுக்கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். வேலைத்தளங்களில் மனிதருக்கென்று அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் எல்லை, எட்டு மணிநேரச் சராசரியாகக் காற்றில் பத்து இலட்சத்தில் 25 பங்கு அமோனியா. வாசலில் நிற்கும் மனிதனுக்கு மணம் தெரியாத கொட்டிலில்கூடத் தரையை ஒட்டிய காற்று அந்த எல்லையை நெருங்கியிருக்கலாம். எனவே கொட்டிலைச் சோதிப்பவர் காலையில், கதவைத் திறந்தவுடன், ஈரம் கண்ட இடத்தில் குந்தியிருந்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். கண் கரித்தால் படுக்கை தோற்றுவிட்டது.

அமோனியா வாயுவாக எழுவதா, நீரில் அயனாகக் கரைந்து கிடப்பதா என்பதை முடிவு செய்வது காரத்தன்மை. 25 பாகை வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே வாயு நிலையில் இருக்கும். பிஎச் 8 என்றால் ஐந்து பங்கு. 9 என்றால் முப்பத்தைந்துக்கு மேல். குதிரைச் சிறுநீர் இயல்பாகவே காரமானது. உடலில் மிகும் கல்சியத்தைக் குதிரை சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அது கலங்கிச் சுண்ணம் படிவதும் வழக்கம். இதோடு தீவகத்து நிலத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரை சுண்ணக்கல், கரை மணல் பவளமும் சிப்பியும் அரைந்த தூள். அந்த மணல் பிஎச் அளவை எட்டுக்குக் கீழே இறங்க விடாது. அமோனியாவை வெளியே தள்ளுவதற்கென்றே அமைந்த தரை என்று இதைச் சொல்லலாம்.

கொட்டில் நாறினால் சுண்ணாம்பு தூவும் வழக்கம் பலரிடம் உண்டு. கிருமி சாகும் என்பது அதன் நியாயம். நன்கு கழுவிக் காயவைத்த வெறுந்தரையில் அது சரி. சிறுநீர் ஊறிய படுக்கையின் மேல் தூவினால் காரம் கூடி, அதுவரை கரைந்து கிடந்த அமோனியாவும் ஒரேயடியாகக் கிளம்பும். அடுப்புச் சாம்பலுக்கும் இதே குறை உண்டு. புளிப்புத்தன்மை உள்ள பொருளே அமோனியாவை அயனாகப் பிடித்து வைக்கும். கரிச்சேற்றுப் பாசியின் பிஎச் நான்கை ஒட்டியது. தும்புச்சோற்றினுடையது ஐந்தரை முதல் ஆறரை வரை. நீரைப் பிடிப்பதில் காணும் சிறப்பைவிட இந்தச் சிறப்பே தீவகத்தில் தும்புச்சோற்றுக்கு மதிப்பைத் தருகிறது.

கைக்கு எட்டும் பொருள்கள்

நெல் வைக்கோல் எல்லாருக்கும் தெரிந்த பொருள். தீவகத்தில் மழையை நம்பிய காலபோகப் பயிரே என்பதால் இங்கு விளையும் வைக்கோல் மாட்டுக்கே போதாது. கிளிநொச்சியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வர வேண்டும். அது மெத்தென்று இருக்கும், மலிவானது, கழிந்தபின் விரைவில் மக்கும். குறைகள் இரண்டு. முதலாவது, குதிரை அதைத் தின்னும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், சத்துக் குறைவு. போதிய நீர் குடிக்காத குதிரை அதை நிறையத் தின்றால் குடலில் கட்டிக்கொண்டு வயிற்றுவலி வரும்; குதிரைகளின் சாவுக்கு வயிற்றுவலி ஒரு முதன்மைக் காரணம். கிணறு உவர்க்கும் மாதங்களில், குதிரை நீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் ஊரில், இது ஏட்டளவிலான அச்சமல்ல. இரண்டாவது குறை பூஞ்சணம். ஈரம் 15 முதல் 20 வீதத்தைத் தாண்டிய வைக்கோற்போரில் பூஞ்சணம் பிடிக்கும். அதன் வித்துகள் மூச்சுக்குழலில் ஒவ்வாமையை உண்டாக்கிக் குதிரைக்கு ஆஸ்துமா வருவிக்கும். ஐரோப்பாவில் மாரிகாலம் முழுக்கக் கொட்டிலில் நிற்கும் குதிரைகளிடம் இது பரவலாகக் காணும் நோய். மாரியில் நனைந்து, மேலே காய்ந்து, உள்ளே வெப்பம் கண்ட கட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குதிரைக்கு ஆகாது. பிரித்து உதறும்போது வெண்புகை போலத் தூசி எழுந்தால் அதை எருக்குழிக்கு அனுப்பிவிடலாம்.

உமி கோழிப்பண்ணைக்காரரின் பொருள். அங்கு அது வெற்றி பெற்றதால் குதிரைக்கும் சரிவரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கோழியின் எச்சம் அரைகுறையாக உலர்ந்தது, பரவலாக விழுவது. கோழிகளே கிளறிக் கிளறி உமியோடு கலந்துவிடுகின்றன. குதிரையோ ஒரே இடத்தில் ஒரு லீற்றர் ஊற்றுகிறது. உமியின் வெளித்தோல் சிலிக்காவாலும் மெழுகாலும் ஆனது. நீர் அதில் ஒட்டாமல் வழிந்து அடியில் தேங்கும். மேலே காய்ந்து தெரியும், அடியில் குளம் நிற்கும். ஆலையில் சரியாகப் புடைக்காத உமியில் தவிடு கலந்திருந்தால் குதிரை மூக்கைப் புதைத்து நக்கும். எலியும் வண்டும் சேரும். வடிகால் நன்றாக உள்ள தரையில், மேற்பரப்பு மட்டும் உலர்ந்திருக்கட்டும் என்று நினைத்தால் பயன்படுத்தலாம். தனித்த படுக்கையாக அது தேறாது.

மரத்தூளைப் பற்றிக் கைநூல்கள் சொல்லும் நல்ல வார்த்தைகள் பைன் மரத்துக்கு உரியவை. யாழ்ப்பாணத்து மர ஆலைகளில் அறுபடுபவை பெரும்பாலும் வன்மரங்கள். அவற்றின் தூள் பைனைவிட மிகக் குறைவாகவே உறிஞ்சும். பச்சை மரத்தை அறுத்த தூளில் எடையில் பாதிக்கு நெருங்கிய ஈரம் முன்பே இருக்கும். அதை வெயிலில் கொட்டிக் காயவைக்காமல் விரிப்பது நிறைந்த பாத்திரத்தில் நீர் ஊற்றுவதுதான். எந்த மரம் என்ற கேள்வியும் முக்கியமானது. வட அமெரிக்காவில் கறுப்பு வால்நட் மரத்தின் சீவல் ஐந்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே அதன்மேல் நின்ற குதிரைகளுக்கு ஒரு நாளுக்குள் குளம்பு அழற்சி கண்டது பதிவாகியிருக்கிறது. தின்ன வேண்டியதே இல்லை, நின்றாலே போதும். அந்த மரம் இங்கு இல்லை. ஆனால் பத்து வகை மரமும் ஒன்றாகக் கலந்த ஆலைக் குவியலை விசாரிக்காமல் வாங்கக்கூடாது என்பதற்கு அது போதிய எச்சரிக்கை. கறையான் மருந்து ஏற்றிய பலகையின் தூளும், மெருகேற்றும்போது விழும் மாவுத்தூளும் வேண்டவே வேண்டாம். கிடைத்தால் தடித்த சீவல் நல்லது. தூளைவிட அது குறைவாக உறிஞ்சினாலும் மூச்சுக்கு இதமானது.

மணல் தீவகத்தில் காசில்லாமல் கிடைப்பது. குதிரைக்கும் அதில் புரள ஆசை. வெட்டவெளித் தொழுவத்துக்கு அது நன்று. கூரைக்குக் கீழே நிலைமை வேறு. மணல் உறிஞ்சாது, வடியவிடும். வடிந்து போக அடியில் வழியில்லாவிட்டால் அத்தனையும் தங்கும். கரை மணலில் காரம் மட்டுமல்ல, கடலுப்பும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைக் கடந்தால் சோற்றுப்பு தானாகவே நீரை ஈர்த்துக் கசியும். கடலுப்பிலுள்ள மக்னீசிய உப்புகள் அதற்கும் முன்பே கசியத் தொடங்கும். தீவகத்து இரவுகளில் ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலே நிற்பது வழமை. பகலில் காய்ந்து கிடந்த மணல் விடியற்காலையில் பிசுபிசுப்பது அதனால்தான். மணலில் சிந்திய தீனியைப் பொறுக்கும் குதிரையின் குடலில் மணல் சேர்ந்து வயிற்றுவலி தருவதும் உண்டு. மணலைப் பயன்படுத்துவோர் மழையில் பல ஆண்டு கழுவுண்ட உள்நிலத்து மணலை எடுக்க வேண்டும். தீனியைத் தரையில் போடாமல் தொட்டியில் வைக்க வேண்டும்.

பனை தீவகத்தின் மரம். காவோலையை விரித்தால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஓலையின் மேற்றோல் மெழுகு பூசியது. கூரைக்கு அது உகந்ததாக இருப்பதற்குக் காரணமான அதே குணம் படுக்கைக்கு ஆகாது. பனந்தும்பு தூரிகைக்கு ஏற்ற விறைப்புடையது, நீர் பிடிக்காது. ஆயினும் காவோலைக்கு ஓர் இடம் உண்டு. கருக்கு மட்டையை முற்றாக நீக்கி, ஓலைப்பகுதியை மட்டும் நறுக்கி அடியில் பரப்பினால், மேலே உள்ள பொருள் கல்தரையைத் தொடாமல் காற்றோட்டம் கிடைக்கும். கருக்கு ஒரு துண்டு விடுபட்டாலும் குதிரையின் காலைக் கிழித்துவிடும் என்பதால் இந்த வேலையை அவசரத்தில் செய்யக்கூடாது.

தும்புச்சோறு இனி விரிவாகப் பார்க்க வேண்டியது. இலங்கையின் தென்னை முக்கோணத்தில், குருநாகல், புத்தளம் பக்கத்துத் தும்பாலைகளில், இது மலைபோலக் குவிகிறது. ஒரு காலத்தில் எறியும் கழிவாக இருந்தது, இன்று நாற்றுமேடைக்கும் விலங்குப் படுக்கைக்கும் ஏற்றுமதியாகிறது. ஏற்றுமதிக்கென்று அழுத்திய ஐந்து கிலோக் கட்டிகளே சந்தையில் எளிதில் கிடைப்பவை. நீர் ஊற்றினால் ஒரு கட்டி 60, 70 லீற்றர் அளவுக்குப் பொங்கும். இங்கேதான் தீவகத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று மீற்றர் சதுரக் கொட்டிலில் பதினைந்து சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்ப 1.35 கனமீற்றர், அதாவது இருபது கட்டிகள் வேண்டும். கட்டி ஒன்றுக்கு 20 லீற்றர் வீதம் பார்த்தாலும் 400 லீற்றர் நன்னீர். கோடையில் குடிநீர் பவுசரில் வரும் ஊரில் அவ்வளவு நீரைக் குதிரைப் படுக்கைக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஊற்றினாலும் படுக்கை தொடக்கத்திலேயே நனைந்திருக்கும். ஆகவே கட்டியாக்காத, உதிரியான, காயவைத்த தும்புச்சோற்றைச் சாக்கில் வாங்குவதே இங்கு ஏற்றது. இடம் அதிகம் பிடிக்கும், படகுக் கூலி கூடும். இருந்தாலும் நீர் மிச்சம்.

உப்பையும் சோதிக்க வேண்டும். உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்த தும்புச்சோறு கடல் மணலைப் போலவே இரவில் ஈரம் இழுக்கும். ஒரு பிடியைக் குடிநீரில் ஊறவைத்து அந்த நீரை நாவில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நாற்றுமேடைக்கென்று கழுவி விற்கப்படுவது இந்த வகையில் நம்பகமானது.

தும்புச்சோற்றின் நிறம் கடும்பழுப்பு. ஈரமான இடம் கண்ணுக்குப் பிடிபடாது; கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கும்போது விரலிடுக்கில் நீர் கசிந்தால் அந்த இடத்தை வெட்டி அகற்ற வேண்டும். உள்ளங்கை மட்டும் குளிர்ந்தால் இன்னும் ஒரு நாள் விடலாம். கை விரித்ததும் பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது. லேசாக நீர் தெளிக்க வேண்டும், ஏனெனில் முற்றும் உலர்ந்த தும்புச்சோற்றின் தூசி வைக்கோல் தூசிக்குக் குறைந்ததல்ல. லிக்னின் மிகுந்ததால் குதிரை இதைத் தின்பதில்லை. வெள்ளைக் குதிரையை வைத்திருப்பவர் மட்டும் அதன் நிறத்துக்காக முணுமுணுப்பார்.

றப்பர் விரிப்பு உறிஞ்சும் பொருளன்று. ஆனால் றப்பர் விளையும் இலங்கையில் அதை விட்டுவிட முடியாது. இரண்டு சென்ரிமீற்றர் அளவு தடித்த விரிப்பு, கல்தரையின் கடுமையை மறைத்து, மேலே பரப்பும் பொருளின் தேவையைக் குறைக்கிறது; சுண்ணக்கல்லுக்கும் சிறுநீருக்கும் இடையே தடுப்பாகவும் நிற்கிறது. அதன் விலையோடு பொருள் ஏற்றிப் போகும் படகுக் கூலியையும் கூட்டிப் பார்த்தால், நெடுநாள் வைத்திருப்போருக்கு இழப்பில்லை.

தரையும் கூரையும்

படுக்கையைப் பற்றிய பழைய நூல்கள் உறிஞ்சும் பொருளைவிடத் தரையைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டன; அதில் நியாயம் உண்டு. கிரேக்கனான செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய குதிரையேற்ற நூலில், ஈரமும் வழுவழுப்பும் உள்ள தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்கிறான். தரை சாய்வாக இருக்க வேண்டும், குளம்பளவு கற்களைப் பதிக்க வேண்டும் என்பது அவன் வழி. அர்த்தசாத்திரத்தில் குதிரைப் பொறுப்பாளரைப் பற்றிய பகுதி, மெருகிட்ட பலகைத் தரையும், சிறுநீரும் சாணமும் வெளியேறத் தனி வழியும், வடக்கு அல்லது கிழக்கு நோக்கிய வாசலும் வேண்டும் என்கிறது.

முதல் இரண்டும் தீவகத்துக்குப் பொருந்தும், வாசல் பொருந்தாது. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில், வடகிழக்கிலிருந்து சாய்ந்து விழுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் திறந்த கொட்டிலில் எந்தப் படுக்கையும் ஒரு வாடைக்காற்று இரவைத் தாண்டாது. சோளகக் காலத்தில் தென்மேற்கிலிருந்து உப்பும் மணலும் வரும். நிலையான சுவர் கட்டி மூச்சை அடைப்பதைவிட, பருவத்துக்கு ஏற்ப மாற்றிக் கட்டும் கிடுகுத் தட்டியே உகந்தது. சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அமோனியா காற்றைவிட இலேசானது. மேலே வழி இருந்தால் போய்விடும்.

தரையைச் சுற்று நிலத்தைவிட ஓர் அடியாவது உயர்த்தி, மூன்று மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர் சாய்வு கொடுத்தால் போதும். அதற்கு மேற்பட்ட சாய்வில் நின்றால் குதிரையின் கால் தசைநாண்கள் இழுபடும். தரையைக் கழுவ நன்னீர் இல்லையென்று கடல்நீர் ஊற்றுவது தவறு. உப்பு தரையில் ஊறி அன்றிலிருந்து அது காயாது. சுரண்டி, கூட்டி, ஒரு பகல் வெயில் பட விடுவதே தீவகத்துக்கு ஏற்ற கழுவல்.

அள்ளுவதும் சேமிப்பதும்

எந்தப் பொருளானாலும் சாணத்தைத் தினமும், ஈரம் கண்ட இடத்தைத் தினமும் அகற்ற வேண்டும். மேலே புதிதாகப் போட்டு அடியிலுள்ளதை மாதக்கணக்கில் விட்டுவைக்கும் முறை குளிர்நாடுகளில் உண்டு; அடியில் நொதித்து வரும் வெப்பம் அங்கு வேண்டப்படுவது. இங்கு அந்த வெப்பம் யாருக்கும் தேவையில்லை. இங்குள்ள வெப்பநிலையில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். கடித்து இரத்தம் குடிக்கும் கொட்டில் ஈக்குச் சிறுநீர் ஊறிய வைக்கோலே விருப்பமான இடம். வாரத்துக்கு ஒருமுறை மூலை முடுக்கெல்லாம் அள்ளாத கொட்டில் ஈ வளர்க்கும் கொட்டிலாகும். சாணத்திலும் மண்ணிலும் ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் இருக்கும் என்பதால் அள்ளுபவர் வெறுங்காலோடு இறங்கக்கூடாது.

மாரியில் கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுப் படகு நிற்கும். செப்ரெம்பர் முடிவதற்குள் இரண்டு மாதத் தேவையைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். மேலே கண்ட கணக்குப்படி ஒரு மட்டக்குதிரைக்கு, முதற் பரப்பலுக்கு ஏறத்தாழ 100 கிலோத் தும்புச்சோறும், இரண்டு மாதத்தில் ஈரமாகிக் கழிவதற்கு 120 கிலோவும், சாணத்தோடு போவதற்கு அதில் பாதியும் என ஏறத்தாழ 280 கிலோ வைத்திருந்தால் தட்டுப்பாடு வராது. வைப்பது தரையில் அல்ல, பரணில், சுவரைத் தொடாமல்.

கழிந்த படுக்கை தீவகத்தில் வீண்போகாது. வைக்கோல் கலந்த குதிரை எரு சில மாதத்தில் மக்கித் தோட்டத்துக்கு ஆகும். குவியலின் உள்வெப்பம் 55 பாகையைத் தாண்டினால் புழு முட்டைகளும் ஈப் புழுக்களும் சாகும். குவியலை ஓரிருமுறை புரட்டினால் அந்த வெப்பம் எல்லாப் பக்கமும் சேரும். மரத்தூளில் காபன் மிக அதிகம், நைதரசன் சொற்பம். மக்குமுன் தோட்டத்தில் போட்டால் மண்ணிலுள்ள நைதரசனையும் அது இழுத்துக்கொண்டு பயிர் மஞ்சளாகும். தும்புச்சோறும் மெதுவாகவே மக்கும். ஆனால் மணற்பாங்கான தீவக மண்ணில் அந்த மெதுவே நன்மை. ஆண்டுக்கணக்கில் மண்ணில் இருந்து நீரைப் பிடித்து வைக்கும்; புளிப்புத்தன்மையும் சுண்ணமண்ணுக்கு இதமானது.

தீவகத்தில் கூரைக்குக் கீழே நிறுத்த வேண்டிய குதிரைக்கு, உயர்த்திச் சாய்த்த தரையில் உப்புக் கழுவிய உதிரித் தும்புச்சோற்றைப் பதினைந்து சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்புவதே முதல் தெரிவு. றப்பர் விரிப்பு அடியில் இருந்தால் அதில் பாதித் தடிப்பு போதும். ஈன்ற தாய்க்கும் குட்டிக்கும் மட்டும், குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் தூள் ஒட்டாதிருக்க, அதன்மேல் பூஞ்சணமற்ற வைக்கோலைப் போர்த்த வேண்டும். தும்புச்சோறு கிடைக்காதபோது தடித்த மரச்சீவல். அதுவும் இல்லையென்றால் நல்ல வைக்கோல், பக்கத்தில் எப்போதும் நிறைந்த நன்னீர்த் தொட்டியுடன். கரை மணலைக் கொட்டிலுக்குள் விடவோ படுக்கையின் மேல் சுண்ணாம்பு தூவவோ கூடாது. குணமான குதிரையை ஒரு நாளும் கூடுதலாகக் கட்டி வைக்காமல் புல்வெளிக்கு விட்டுவிட வேண்டும்.